சிக்கனராஜனின் பெட்ரோல் தாகம்

2025-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் நம் நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கைபேசியில் இரண்டு வரி தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் இந்தக் காலத்தில், நாலு பக்கம் மையினால் எழுதித் தபாலில் சேர்ப்பவர் அவர். அந்தக் கடிதத்தில் குடும்ப க்ஷேமம் ஒரு வரி. மழை பெய்யாதது ஒரு வரி. மற்ற மூன்றே முக்கால் பக்கமும் அவருடைய லாரியைப் பற்றியது. "பெட்ரோல் குடித்தே எங்களை ஓட்டாண்டியாக்கிவிடும் போலிருக்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் ஆடிக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தாங்கள் ஒரு முறை வந்து பார்த்துப் போனால் என் மனம் ஆறுதலடையும்" என்று முடித்திருந்தார்.

நமக்கு மோட்டார் வைத்தியம் தெரியும் என்று நண்பருக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அதை நாம் மறுத்துச் சொன்னதுமில்லை. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனி பஸ் ஏறினோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூருக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் அவருடையது. வாழைத் தோட்டம், கொஞ்சம் தென்னை, கிணற்றடியில் காய்கறிப் பாத்தி. விளைவதை 22 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனந்தான் கடிதத்தில் கண்ட லாரி. லாரி என்பது ஊரார் வழங்கும் பெயர். முறையாகச் சொன்னால் பிக்கப் வண்டி. 1951-ஆம் வருஷத்துச் செவர்லே. முன்னே மூன்று பேர் நெருங்கி உட்காரலாம்; பின்னே பலகை அடித்த தொட்டியில் அரை டன் ஏற்றலாம். செவர்லே வண்டிகளை 1928 முதல் சில காலம் பம்பாயிலேயே பூட்டி விற்று வந்தார்கள். இந்த வண்டியை மலைமேல் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து நண்பரின் தகப்பனார் 1958-இல் இரண்டாம் கையாக வாங்கினார். நண்பர் பெண் பார்க்கப் போனதும் இதிலேதான். அவருடைய தகப்பனாரைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதிலேதான்.

இந்த வண்டியின் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் 'திரிப்ட் மாஸ்டர்' என்பது. தமிழில் சொன்னால் 'சிக்கனராஜன்' ஆகும். ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் கொள்ளளவு, 92 குதிரைச் சக்தி. சிக்கனராஜன் என்ற பெயரை நாம் விளக்கிச் சொன்னதும் நண்பரின் மனைவியார் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார்.

அந்த நோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மாட்டுக்கு ஒரு பக்கம், மின்சாரத்துக்கு ஒரு பக்கம், லாரிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒரு காசு விடாமல் எழுதியிருந்தார் அந்த அம்மையார். வாரத்துக்கு நாலு தடவை சந்தை. ஊருக்குள்ளும் தோட்டத்துக்கும் சில்லறை ஓட்டம். ஆக வாரம் 206 கிலோமீட்டர். அதற்குப் பெட்ரோல் 45 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்கும் நாளில் வாரத்துக்கு 4,500 ரூபாய். பக்கத்து வீதியில் வாடகைக்கு ஓடும் சிறு வண்டியைப் பிடித்தால் சந்தைக்குப் போய்வர 900 ரூபாய். நாலு தடவைக்கு 3,600.

"சொந்த வண்டி வைத்துக்கொண்டு வாடகை வண்டிக்காரரைவிட அதிகமாகச் செலவழிக்கிறோம். இது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள், அண்ணா" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. நண்பர் முற்றத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவர்களுடைய மகன் இரண்டு யோசனைகள் வைத்திருந்தான். ஒன்று, பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இயந்திரம் வைப்பது. நம் நாட்டில் எத்தனையோ பழைய ஜீப்புகளும் லாரிகளும் இப்படித்தான் உயிர் தப்பின என்பது உண்மை. ஆனால் இயந்திரத்தை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். செலவும் லட்சத்தைத் தொடும். இரண்டாவது யோசனையை அவன் கையோடு கொண்டுவந்திருந்தான். பெட்ரோல் குழாயின்மேல் மாட்டும் காந்தக் கட்டி ஒன்று. அதை மாட்டினால் பெட்ரோலின் அணுக்கள் வரிசையாக நின்று நன்றாக எரியுமாம். மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகுமாம்.

இத்தகைய மாயப் பொருள்களுக்கு ஒரு நீண்ட சரித்திரமே உண்டு. 1930-களில் கானடா தேசத்துச் சார்லஸ் நெல்சன் போக் என்பவர், பெட்ரோலை முழுதும் ஆவியாக்கி இயந்திரத்துக்கு அனுப்பும் கார்புரேட்டர் ஒன்றுக்கு உரிமைப் பத்திரங்கள் பெற்றார். ஒரு காலனுக்கு 200 மைல் போகும் என்று பத்திரிகைகளில் அமர்க்களப்பட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் அதை அமுக்கிவிட்டன என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கலவை சரியாக இருக்கும் இயந்திரத்தில், உள்ளே போகும் பெட்ரோலில் ஏறக்குறைய எல்லாம் எரிந்தேதான் போகிறது. எரிந்து கிடைக்கும் உஷ்ணத்தில் சுமார் நாலில் ஒரு பங்கே வேலையாகிறது. மற்றவை புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றோடு கலக்கின்றன. எரியாமல் ஒளிந்துகொண்டிருக்கும் பெட்ரோல் என்று ஒன்று பெரிதாக இல்லாதபோது, ஆவியாக்கினாலும் காந்தம் வைத்தாலும் பத்து மடங்கு எங்கிருந்து வரும்? அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பரிசீலித்தும், பெட்ரோலைக் குறிப்பிடத்தக்க அளவு மிச்சப்படுத்தியது என்று எதையும் சொல்ல முடியவில்லை. காந்தக் கட்டியைத் திண்ணை மாடத்தில் வைத்தோம்.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. வண்டியின் மைல் காட்டும் கருவி அமெரிக்க வழக்கப்படி மைலில் காட்டுகிறது. அம்மையார் அதைக் கிலோமீட்டராக மாற்றி எழுதி வந்தார். டயர்களோ பழைய அளவுடையவை அல்ல. ஆகவே அந்தக் கருவியையே சோதித்தோம். நெடுஞ்சாலைக் கற்களைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டினால் 6.2 மைல் காட்ட வேண்டும்; 6.5 காட்டியது. அதாவது வண்டி தான் ஓடாத தூரத்தையும் ஓடியதாகச் சாதித்துக் கொண்டிருந்தது! பிறகு ஒரே பெட்ரோல் கடையில், ஒரே இடத்தில் நிறுத்தி, கழுத்து வரை நிரப்பி, இரண்டு சந்தை நாள் ஓட்டி, மறுபடி கழுத்து வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தோம். லிட்டருக்கு 4.6 கிலோமீட்டர் என்று வந்தது. நல்ல நிலையிலுள்ள இத்தகைய வண்டி, நிதானமாக ஓட்டினால் ஆறரை, ஏழு கொடுக்க வேண்டும்.

நண்பர் உடனே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்றார். பெட்ரோல் அதிகம் செலவானால் கார்புரேட்டர்மேல் பழி போடுவது உலக வழக்கம். நாமும் அதையேதான் எண்ணியிருந்தோம். எங்கள் இருவரையும் காப்பாற்றியவர் ஊர் மெக்கானிக் பாய். எழுபது வயதைத் தாண்டியவர். நண்பரின் தகப்பனார் காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொட்டவர். கடை வைத்திருக்கும் பிள்ளைகள் புது வண்டி பார்க்கிறார்கள், இவர் பழையது மட்டும் பார்க்கிறார். வந்தார், மூடியைத் திறக்கவே இல்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, "தள்ளுங்க ஐயா" என்றார். நாமும் நண்பரும் மகனும் சேர்ந்து தள்ளியும் வண்டி நாலடி போய் நின்றுவிட்டது.

"நாலு ஆள் தள்ளி நகராத வண்டி, இன்ஜின் இழுத்தா பெட்ரோல் குடிக்காம மோரா குடிக்கும்?" என்றார் பாய்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்ததில், பின் சக்கரம் இரண்டும் அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. கைப்பிரேக் கம்பி துருவேறி உறைக்குள் சிக்கி, பிரேக் ஷூக்கள் எப்போதும் டிரம்மில் உரசிக் கொண்டிருந்தன. வருஷக்கணக்காக இந்த வண்டி பிரேக்கைப் போட்டுக்கொண்டே சந்தைக்குப் போய் வந்திருக்கிறது. டயர்களில் காற்றோ 36 பவுண்டு இருக்க வேண்டிய பின் சக்கரத்தில் 20 பவுண்டு. தொட்டியின் மூலையில், சாக்கின் கீழே, பழைய பம்பு செட்டின் சக்கரம் ஒன்று, உடைந்த கலப்பைக் கொழு, இரும்புச் சங்கிலி, பெயர் தெரியாத வேறு சில உருப்படிகள். எல்லாவற்றையும் இறக்கி நிறுத்துப் பார்த்தால் 140 கிலோ. இரண்டு பெரிய ஆட்கள், வாடகை கொடுக்காமல், எத்தனை வருஷமாகவோ சவாரி செய்திருக்கிறார்கள்.

கம்பியை மாற்றி, ஷூக்களைத் தளர்த்தி, காற்றடித்து, இரும்பை இறக்கிவிட்டு மறுபடி அளந்தோம். 5.1 வந்தது. செலவு 1,100 ரூபாய். கார்புரேட்டரை இன்னும் யாரும் தொடவில்லை.

அதற்கடுத்தபடியாக நெருப்பு. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை ஒரு நொடியில் எரிந்து விடுவதில்லை. பற்றிப் பரவ அதற்கும் நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னதாகவே பிளக்கில் பொறி தட்டியாக வேண்டும். வண்டி லேசான வேலை செய்யும்போது கலவை நெருக்கமின்றி இருப்பதால் மெதுவாக எரியும். அப்போது பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். இதை மனிதன் கவனித்துக் கொண்டிருக்க முடியாதல்லவா? அதற்காக இயந்திரத்தின் உறிஞ்சும் சக்தியால் இயங்கும் ஒரு தோல் தட்டு வைத்திருக்கிறார்கள். இந்தச் செவர்லேயில் அது டிஸ்ட்ரிபியூட்டரை உடலோடு சேர்த்துத் திருப்பிவிடுகிறது. நண்பருடைய வண்டியில் அந்தத் தட்டு கிழிந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரோ பழைய கிரீஸ் இறுகி அசைய மறுத்தது. பொறி எப்போதும் காலங்கடந்தே வந்தது. காலங்கடந்து எரியும் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுவதில்லை. புகைக் குழாயைச் சூடேற்றுகிறது.

புதுத் தட்டு அமெரிக்காவிலிருந்து தபாலில் வர மூன்று வாரம் ஆயிற்று. எழுபது வருஷத்துப் பழைய வண்டிக்கு இன்னும் உதிரி உறுப்புகள் செய்து விற்கும் ஜனங்களை மெச்சாமல் இருக்க முடியவில்லை. நேரம் சரி பார்ப்பதற்கு இந்த இயந்திரத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பிளைவீலின் விளிம்பில் சிறிய எஃகு குண்டு ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அதன் கூட்டில் ஒரு சன்னல். சன்னலில் ஒரு முள். இயந்திரம் ஓடும்போது பொறி விளக்கைப் பிடித்தால், சுழலும் அந்தக் குண்டு அசையாமல் நிற்பதுபோல் பளிச்சென்று தெரியும். முள்ளும் குண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். பாய் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தச் சன்னலடியில் குனிந்திருந்தார். வால்வுகளின் இடைவெளியையும் சரி செய்து, பிளாட்டினம் பாயிண்டையும் புதிதாக வைத்தார். அதற்கு முன் அவர் உறிஞ்சும் சக்தியை அளக்கும் கடிகாரம் ஒன்றை மாட்டியபோது முள் 14-இல் நின்று நடுங்கியது. இப்போது 18-க்கு வந்து அசையாமல் நின்றது. 17 முதல் 21 வரை நிலையாக நின்றால் இயந்திரம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். இந்தக் கடிகாரத்தைப்போல் மலிவான, பொய் சொல்லாத வைத்தியக் கருவி மோட்டார் உலகத்தில் வேறு உண்டா என்பது சந்தேகமே.

இதற்குப் பின் 5.6.

இனி கார்புரேட்டருக்கு வருவோம். புதிய வண்டிகளில் அது இல்லை; கம்ப்யூட்டர் ஒன்று கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீச்சிவிடுகிறது. கார்புரேட்டரிலோ கணக்குப் பார்ப்பது காற்றுத்தான். காற்று ஓர் இடுங்கிய கழுத்து வழியாக விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவினால் பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மெல்லிய துவாரம் வழியாக இழுக்கப்பட்டுச் சாரலாகச் சிதறுகிறது. அந்தத் துவாரத்துக்குத்தான் ஜெட் என்று பெயர். கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் இருப்பதற்கு மிதவை ஒன்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று சேர்ந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். மேடு ஏறும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். அதற்காக ஒரு தனி வால்வு உண்டு. சமதரையில் இயந்திரத்தின் உறிஞ்சும் சக்தி அதை மூடியே வைத்திருக்கும். காலை அழுத்தி மிதித்தால் அந்தச் சக்தி குறைய, வால்வு தானே திறந்துகொள்ளும். மோர்க்காரி படி அளப்பதுபோல் இத்தனையும் ஒரு கைப்பிடி அளவுள்ள இரும்புச் சம்புடத்துக்குள் நடக்கிறது.

பாய் அதைப் பிரித்து ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டின்மேல் வரிசையாக வைத்தார். குற்றங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சோக் தகடு முழுதும் திறக்கவில்லை. காலைக் குளிரில் வண்டியைக் கிளப்புவதற்காக ஏற்பட்டது, நண்பகலிலும் பாதி மூடிக் கிடந்தது. மேட்டுக்கென்று வைத்த வால்வு பிசின் ஏறித் திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகையால் சமதரையிலும் வண்டி மலை ஏறுவதாக நினைத்துக்கொண்டு குடித்து வந்தது. எல்லாவற்றிலும் பெரிய குற்றம் ஜெட். எந்தக் காலத்திலோ ஒருவர் 'இழுவை போதவில்லை' என்று துளைக் கம்பியால் அதைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார். அந்த மனிதர் யார் என்று நாம் கேட்கவில்லை. நண்பர் தாமாகவே, "இருபது வயதில் எனக்கு அவ்வளவு புத்தி" என்று ஒப்புக்கொண்டார்.

பாயின் பெட்டியில் சரியான அளவு ஜெட் ஒன்று இருந்தது. அதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எழுந்தோம். "உட்காருங்க. அந்தக் காலத்துப் பெட்ரோல் இப்ப எங்கே கிடைக்குது?" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோல் கடைகளில் ஊற்றப்பட்டது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனால் அந்நிய நாட்டு எண்ணெய்ச் செலவைக் குறைக்கிறது, கரும்பு விவசாயிக்குக் காசாகிறது, தேசத்துக்கு நல்லதே. ஆனால் பழைய கார்புரேட்டருக்கு அது புது விருந்தாளி. எத்தனாலில் உள்ள எரிசக்தி, லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எரிவதற்கு அது கேட்கும் காற்றும் குறைவு, ஒன்றுக்கு ஒன்பது. இருபது பங்கு கலந்ததற்குக் கணக்குப் போட்டால் 14.7 அல்ல, சுமார் 13.5 காற்றே போதும். கம்ப்யூட்டர் வைத்த வண்டி இதைத் தானே மோப்பம் பிடித்துச் சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு இல்லை. பழைய அளவு ஜெட்டை வைத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று மிஞ்சிப்போகும். மிச்சந்தானே என்று சந்தோஷப்படக் கூடாது. காற்று மிஞ்சிய கலவை மெதுவாகவும் தாறுமாறாகவும் எரிந்து வண்டி திணறும். ஓட்டுகிறவர் இன்னும் ஆழமாக மிதிப்பார். வெளியேறும் வால்வுகள் சூட்டில் கருகும். கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு.

ஆகவே பாய் பழைய அளவைவிட ஒரு படி பெரிய ஜெட்டை வைத்தார். நண்பர் குடைந்து வைத்திருந்ததைவிட அது எவ்வளவோ சிறியது. எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும் என்பதால் பெட்ரோல் குழாய்களை எல்லாம் புதியனவாக மாற்றினார். பிறகு இருபது கிலோமீட்டர் ஓட்டி, பிளக்குகளைக் கழற்றி நாக்கைப் பார்த்தார். முன்பு அடுப்புக்கரிபோல் கன்னங்கரேலென்று இருந்தவை இப்போது காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தன. வெளுத்துப்போயிருந்தால் ஜெட் சிறியது என்று அர்த்தம். 6.2 கணக்கில் ஏறியது.

இயந்திரத்தில் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று பாய் கையைக் கழுவிக்கொண்டார். மிச்சம் இருந்தது நண்பரின் வலது கால். அவர் சந்தைக்கு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர். இந்த வண்டியின் முகம் வீட்டுச் சுவரைப்போல் செங்குத்தானது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தைப்போல் பெருகும். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் அறுபத்தைந்தில் ஏறக்குறைய 1.7 பங்கு. இயந்திரமும் வேகத்துக்குப் பிறந்ததல்ல. பிஸ்டன் தண்டுகளின் அடியில் கரண்டிபோல் ஒன்று வைத்து, எண்ணெயை முகந்து தெளித்துக்கொள்ளும் பழைய முறை அதனுடையது. மணிக்கு 50 கிலோமீட்டர் ஓட்டினால் உச்ச கியரில் நிமிஷத்துக்குச் சுமார் 1,500 சுற்றுச் சுற்றிக்கொண்டு சுகமாகப் போகும். 22 கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்ததனால் ஆறு நிமிஷம் தாமதமாயிற்று. "ஆறு நிமிஷத்தில் சந்தையில் என்ன சாம்ராஜ்யம் கைமாறிவிடப் போகிறது?" என்று அம்மையார் கேட்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. தொட்டியின் பின் கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்றுத் தடை குறையும் என்று பிக்கப் வைத்திருப்பவர்கள் அநேகர் நம்புகிறார்கள். நண்பரும் வெறும் வண்டி வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்தார். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. தொட்டியின்மேல் இறுக்கமாகப் படுதா கட்டினால் இன்னும் நல்லது.

மெதுவாக ஓட்டி, கதவையும் மூடி, படுதாவும் கட்டி, இரண்டு வாரம் அளந்ததில் 6.7 வந்தது.

நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை பாயாசம் வைக்கச் சொன்னார். அம்மையார் பாயாசமும் வைத்தார். நோட்டையும் எடுத்து வந்தார். ஒரு விஷயத்தை நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் எண்ணிப் பார்க்கவே இல்லை. சந்தைக்கு நாலு தடவை ஏன் போக வேண்டும்? வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் பாதித் தொட்டி வெறுமையாகவே போகிறது என்று அவர் பக்கத்துக்குப் பக்கம் காட்டினார். மூன்று தடவையாக்கலாம். ஊருக்குள் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஓடும் சில்லறை ஓட்டங்களில் பாதியைச் சைக்கிளுக்கு விடலாம். ஆறிப்போன இயந்திரம் சூடேறும் வரை சோக்கின் தயவில் இரட்டிப்பாகக் குடிக்கும் என்று பாய் சொன்னதை அவர் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்படியாக வாரம் 206 கிலோமீட்டர் 147 ஆயிற்று. 6.7 வீதம் 22 லிட்டர். 4,500 ரூபாய் இருந்த இடத்தில் 2,200.

"பார்த்தாயா! வாடகை வண்டியைவிட மலிவு" என்றார் நண்பர்.

"மூன்று தடவை என்றால் வாடகையும் 2,700-ஆகக் குறைகிறதல்லவா? மிச்சம் 500-தான். டயர், இன்ஷூரன்ஸ், பாய்க்குக் கொடுத்தது, அமெரிக்காவிலிருந்து வந்த தட்டு, எல்லாம் அந்த ஐந்நூறிலிருந்து வர வேண்டும்" என்றார் அம்மையார்.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. நாம் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம். இதுவரை வைத்தியத்துக்கு ஆன மொத்தச் செலவு 14,300 ரூபாய். வாரம் 500 வீதம் அது அடைய ஆறரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வேறொன்று பழுதானால் கணக்கு மறுபடி தலைகீழாகும். நண்பர் பாயாசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அம்மையாரே, "ஒரு வருஷம் ஓடட்டும். மாதாமாதம் எழுதிப் பார்க்கிறேன். அடுத்த ஆடியில் வாடகை வண்டியைவிட ஒரு ரூபாய் அதிகமாயிருந்தாலும் நான் பேசுகிறபடிதான்" என்றார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் கிலோமீட்டருக்கு ஒரு பத்தி, காற்றடித்த தேதிக்கு ஒரு பத்தி என்று அன்றைக்கே கோடு போட்டுவிட்டார்.

ஆடிக் கடைசியில் பழைய இரும்பு வாங்குகிறவர் சொன்னபடி தராசோடு வந்து சேர்ந்தார். லாரி விலைக்கு இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனாலும் வெறுங்கையோடு போகவில்லை. தொட்டியிலிருந்து இறக்கிய பம்பு செட்டுச் சக்கரம், கொழு, சங்கிலி முதலிய 140 கிலோவையும் நிறுத்து எடுத்துக்கொண்டார். மாடத்திலிருந்த காந்தக் கட்டியையும் மகன் தட்டில் போட்டான். வந்த பணத்தை அம்மையார் லாரிப் பக்கத்தில், வரவு என்ற தலைப்பின் கீழ் எழுதினார்.